தோல் நகரங்களின் ஓரக் குடியிருப்புகள்

நகரங்களில் பெருகிவரும் குடிசைப் பகுதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது "ஆக்கிரமிப்பு" என்னும் சொல்லே முதலில் நம் நாவில் எழுகிறது. ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் இருப்புப்பாதை அருகிலும் வாழ்வோர் சட்டத்தை மீறி நகரத்துக்குள் நுழைந்தவர் என்றும், நகரமைப்புத் திட்டம் செவ்வையாக நிறைவேறியிருந்தால் அவர்கள் அங்கு இருந்திருக்கமாட்டார்கள் என்றும் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரிதானா? வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய தோல் நகரங்களின் வரலாற்றை ஆராய்ந்தால் வேறொரு விடை கிடைக்கிறது. இந்நகரங்களின் ஓரக் குடியிருப்புகள் தொழிலாலும், அதற்கு முந்திய ஊர்–சேரிப் பிரிவாலும் உருவாக்கப்பட்டவை. நகரம் அவர்களுடைய உழைப்பை ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு உறைவிடம் ஒதுக்க மறந்தது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பகுதியில் ஊழியம் செய்யும் ஆயர் பலருடைய சபைகள் இக்குடியிருப்புகளிலேயே அமைந்திருத்தலால், இது நமக்குப் புறம்பான பொருளன்று.

1. பெயரும் எண்ணிக்கையும்

தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம் 1971-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அமைக்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சட்டத்தின் பெயரிலேயே மேம்பாடு, அகற்றுதல் என இரு வழிகள் காட்டப்பட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும். எவ்வழி எவருக்கு என்பதே அன்று முதல் இன்று வரை தீராத வழக்கு.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 6.5 கோடி. ஆனால் அக்கணக்கெடுப்பு ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டது. அரசு முன்னரே அறிவித்த அல்லது ஏற்றுக்கொண்ட பகுதிகள் நீங்கலாக, புதிதாக ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி எனக் கண்டறிய அங்கே குறைந்தது 300 பேர், அதாவது 60 முதல் 70 குடும்பங்கள், நெருக்கமாக வாழவேண்டும். பெருநகரங்களுக்கு இவ்வளவுகோல் ஒருவாறு பொருந்தும். நம் பகுதி நகரங்களிலோ, கால்வாய்க்கரையில் இருபது வீடுகள், தொழிற்சாலை மதிலுக்குப் பின்புறம் பதினைந்து வீடுகள், பழைய சேரியின் ஓரத்தில் முப்பது வீடுகள் எனக் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் இயல்புடையவை. இத்தகைய சிறு கூட்டங்கள் கணக்கின் வலைக்குள் அகப்படுவதில்லை. கணக்கில் வராதவர்க்குத் திட்டத்திலும் நிதியிலும் இடம் கிடைப்பது அரிது.

2. பாலாறும் தோலும்

தோல் தொழில் பாலாற்றுப் படுகையில் வேரூன்றியதற்குக் காரணங்கள் பல. மணலுக்கு அடியில் ஆண்டு முழுவதும் கிடைத்த நீர், சுற்றுவட்டாரக் காடுகளிலும் தரிசுகளிலும் கிடைத்த ஆவாரம்பட்டை, தோல் வாணிகத்தில் தேர்ந்த முஸ்லிம் வணிகக் குடும்பங்கள், துறைமுகத்தோடு இணைத்த இருப்புப்பாதை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய மற்றொரு காரணம், பெரும்பாலும் சொல்லப்படாமல் விடப்படுகிறது. தோலைத் தொடுவது தீட்டு எனக் கருதிய சமுதாயத்தில், அத்தொழிலுக்கு ஆள் கிடைப்பது ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிகளிலிருந்தே. உப்பிட்ட தோலைச் சுமப்பதும், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவதும், மயிரும் கொழுப்பும் நீக்குவதும் அவர்கள் பங்காயின. ஊருக்கு வெளியே, நீர்நிலைக்கு அருகில், சேரிக்குப் பக்கத்தில் தோல் பதனிடும் இடங்கள் அமைந்தன. ஆக, தீண்டாமை வகுத்த பழைய எல்லைக்கோட்டின் மேலேயே தொழில் நகரத்தின் வரைபடம் எழுதப்பட்டது. எந்த நகரமைப்பு வல்லுநரும் அக்கோட்டை வரையவில்லை. அதை அழிக்கவும் எவரும் முன்வரவில்லை.

1970-களில் பெருமாற்றம் நேர்ந்தது. பதனிடாத தோலின் ஏற்றுமதியை நடுவண் அரசு தடுத்து, அரைப்பதத் தோலின் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்து அனுப்புவதை ஊக்குவித்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்ட இடங்களில் குரோமிய உப்பு மிகுந்தது. அதன்பின் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. தொட்டிவேலைக்கு ஆண்கள் தேவைப்பட்டதுபோல, தையல்வேலைக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். மக்கள் "ஷூ கம்பெனி" என வழங்கும் இத்தொழிற்சாலைகளுக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனிப் பேருந்துகளில் வந்து திரும்புகின்றனர். ஆம்பூர் 2011-இல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரமாயிற்று. இவ்வளர்ச்சிக்கு ஏற்ற குடியிருப்பைத் திட்டமிடுவது எவருடைய பொறுப்பு என்னும் கேள்வி மட்டும் விடையின்றி நின்றது.

3. குடியிருப்பு வளரும் நான்கு வழிகள்

ஓரக் குடியிருப்புகள் ஒரே விதமாகத் தோன்றுவதில்லை. குறைந்தது நான்கு வழிகளை நாம் பிரித்தறியலாம்.

முதலாவது, நகரம் பரந்து பழைய சேரியை விழுங்குதல். ஒரு தலைமுறைக்குப் போதுமானதாயிருந்த நத்தம் நிலத்தில் மூன்று தலைமுறைகள் வாழ்கின்றன. ஒரு வீடு மூன்றாகிறது. சந்து நடைபாதையாகச் சுருங்குகிறது. இங்கு வாழ்வோர் எங்கிருந்தும் வந்தவரல்லர். நகரமே அவர்களிடம் வந்தது.

இரண்டாவது, வேலை தேடி வந்தோர் புறம்போக்கு நிலத்தில் குடிசை அமைத்தல். தொழிற்சாலைக்கு நடந்துபோகக்கூடிய தொலைவில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்க்கு ஆற்றுப் புறம்போக்கும் ஓடைக்கரையுமே கதி.

மூன்றாவது, எவரும் இடம்பெயராமலேயே கிராமம் நகரத்தின் ஓரமாக மாறுதல். தோல் கெடாதிருக்க இடப்படும் உப்பு, முதல் கழுவுநீரிலேயே பெருமளவு வெளியேறுகிறது. அது நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளை உவர்ப்பாக்கியது. 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்றும் அத்தீர்ப்பில் குறிக்கப்பட்டுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும், தீங்கு நேருமுன்னரே காக்கவேண்டும் என்னும் இரு நெறிகளும் இந்தியச் சட்டத்தின் பகுதியே என இவ்வழக்கில் நிலைநாட்டப்பட்டன. இவ்வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரி 30 அன்றும் உச்சநீதிமன்றம், இழப்பீட்டையும் ஆற்றின் மீட்சியையும் குறித்துப் புதிய ஆணைகளைப் பிறப்பிக்க நேர்ந்தது.

நிலம் கெட்டபோது நில உடைமையாளர் தம் இழப்பை எண்ணிக் காட்டப் பட்டா இருந்தது. அந்நிலத்தில் நாற்று நட்டுக் களையெடுத்த கூலிப்பெண்ணிடம் காட்டுவதற்கு ஓர் ஆவணமும் இல்லை. அவள் மகள் "ஷூ கம்பெனி"க்குப் போனாள். நிலத்தைக் கெடுத்த தொழிலே, நிலத்தை இழந்தவளுக்குச் சோறு போடும் தொழிலுமாயிற்று. இம்முரண்பாட்டை அறியாமல் இப்பகுதியில் எவரும் சூழலியல் பேசமுடியாது, வீட்டுரிமையும் பேசமுடியாது.

நான்காவது வழி அண்மைக்காலத்தது. வடமாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர் குடிசைகூட அமைப்பதில்லை. வேலைசெய்யும் இடத்திலேயே உறங்குகின்றனர். 2015 ஜனவரி 31 விடியுமுன் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர். இதனைத் தொழிற்சாலை விபத்தாக மட்டுமே பலரும் கண்டனர். உறங்குவதற்கு வேறிடம் இருந்திருப்பின் அத்தனை பேர் அவ்விரவு அங்கே இருந்திருப்பார்களா? இது உறைவிடத்தைக் குறித்த கேள்வியுமாகும்.

4. சட்டத்தின் இரு அளவுகோல்கள்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் 1971-ஆம் ஆண்டினதே. முழுமைத் திட்டம் வகுப்பதும், மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தருவதும் அதன்கீழ் நடைபெறுகின்றன. அனுமதியின்றி விளைநிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பது மாநிலம் முழுவதும் பரவியிருந்தது. 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. 2017-இல் அரசு விதிகள் வகுத்து, கட்டணம் செலுத்தினால் வரன்முறைப்படுத்தலாம் என வழி திறந்தது. நீர்நிலை, புறம்போக்கு ஆகியவற்றுக்கு அவ்விதிகள் பொருந்தா.

ஆகவே முறைசாராக் குடியிருப்பு என்பது ஏழையரிடம் மட்டும் காணப்படுவதன்று. அனுமதியற்ற மனையில் மாடிவீடு கட்டியவரும் சட்டத்துக்குப் புறம்பே கட்டினார். ஓடைக்கரையில் குடிசை போட்டவரும் அவ்வாறே செய்தார். முன்னவர் விலை கொடுத்து வாங்கிய பத்திரம் வைத்திருந்ததால் அவர் மீறல் கட்டணத்தால் தீர்ந்தது. பின்னவர் மீறலைத் தீர்க்கும் கட்டணம் எதுவும் விதிக்கப்படவில்லை. நீர்நிலையைக் காக்கும் நோக்கம் நியாயமானது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் "ஆக்கிரமிப்பாளர்" என்னும் பெயர் பின்னவருக்கே நிலைத்துவிட்டது.

புறம்போக்கிலும் வகை உண்டு. நத்தம், தரிசு போன்றவை வருவாய்த்துறை வழக்கில் ஆட்சேபணையற்றவை. அவற்றில் நெடுங்காலம் குடியிருப்போர்க்கு அரசு பட்டா வழங்க இடமுண்டு. ஆறு, ஏரி, குளம், கால்வாய், சாலை, மேய்ச்சல் நிலம் ஆகியவை ஆட்சேபணைக்குரியவை. அங்கே பட்டா கிடைப்பது அரிது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கெனத் தனிச்சட்டமும் 2007-இல் வந்தது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்படும் அறிவிப்பை மக்கள் "பி மெமோ" என்பர். அது ஆக்கிரமிப்புக் குற்றத்துக்கான தாள். எனினும் அதனையே பல குடும்பங்கள் பெட்டியில் பூட்டிக் காக்கின்றன. ஏனெனில் இத்தனை ஆண்டுகளாக இங்கே வாழ்ந்தோம் என்பதற்கு அவர்களிடம் உள்ள சான்று அதுவே. குற்றப்பத்திரமே குடியுரிமைப் பத்திரமாகப் போற்றப்படும் நிலை, நம் நகரமைப்பின் தன்மையைத் தெளிவாக எடுத்துரைக்கிறது.

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்சநீதிமன்றம், உயிர்வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் எனக் கூறியது. அத்தீர்ப்பு வெளியேற்றத்தை முற்றாகத் தடைசெய்யவில்லை. முறையான அறிவிப்பும் விசாரணையும் வேண்டும் என்றது. நம் மக்களிடம் பேசும்போது இவ்வளவையே சொல்லவேண்டும். இல்லாத பாதுகாப்பை உண்டென்று சொல்வது அவர்களை ஏமாற்றுவதாகும்.

5. அகற்றுதலா, மேம்பாடா?

பெரு நாட்டின் லிமா நகர ஓரங்களில் 1950-களிலும் 1960-களிலும் பணியாற்றிய ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் ஜான் டர்னர், மக்கள் தாமே கட்டும் குடியிருப்பு சிறிது சிறிதாக வளர்ந்து நல்ல நகர்ப்பகுதியாகும் ஆற்றல் உடையது என்றும், நில உறுதியும் நீரும் பாதையும் கொடுத்தால் மீதியை மக்களே செய்வர் என்றும் வாதிட்டார். இலங்கையில் 1984-இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் இக்கருத்தைப் பின்பற்றி, அரசு தானே கட்டுவதைக் குறைத்து, கட்டுவோருக்குக் கடனும் துணையும் அளித்தது. சென்னையிலும் 1977-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் கொடுத்து, வீட்டை மக்களே கட்டிக்கொள்ள விடப்பட்டது. குடிசைப் பகுதிகளை இருக்குமிடத்திலேயே மேம்படுத்தும் பணியும் நடைபெற்றது. பின்னர்க் காற்று மாறியது. 2000-ஆம் ஆண்டையொட்டி எழுந்த கண்ணகி நகரும், அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியனவும் மக்களை வேலையிடத்திலிருந்து வெகுதொலைவுக்கு அனுப்பின. சுவர் கிடைத்தது, பிழைப்பு போயிற்று.

தோல் நகரங்களுக்கு இப்படிப்பினை மிகவும் பொருந்தும். ஆம்பூர்ப் பகுதியில் காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே தைத்து, சோடிக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் பெண்கள் உள்ளனர். அவர்களுக்கு வீடே பணிமனை. மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்துத் திரும்பப் பெறும் இடைத்தரகர் பத்துக் கல் தொலைவுக்கு வரமாட்டார். அவ்வீட்டை இடிப்பது உறைவிடத்தையும் வேலையையும் ஒரே நாளில் பறிப்பதாகும். இதனை எந்த இழப்பீட்டுக் கணக்கும் எண்ணுவதில்லை.

ஆயினும் இருக்குமிடத்திலேயே இருக்கட்டும் என எல்லா இடத்துக்கும் சொல்லிவிட முடியாது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. அம்மாதம் 19-ஆம் நாள் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடொன்று இடிந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தனர். வெள்ளம் பாயும் கரையிலும், நஞ்சேறிய மண்ணிலும் குழந்தைகள் வளர்வதை நீதி எனக் கூற இயலாது. பாலாற்றை மீட்பதும் வேண்டும். பாலாற்றோரத்தில் வாழ்வோரைக் காப்பதும் வேண்டும். இவ்விரண்டையும் பொருத்துவதற்கு வழி ஒன்றே: ஆபத்தான இடத்திலிருந்து பெயர்க்க நேரின், அதே நகரத்துக்குள், வேலைக்கு நடந்துபோகும் தொலைவில், பெண்ணின் பெயரில் பட்டாவுடன் மனை கொடுத்த பின்னரே பெயர்க்கவேண்டும். ஆற்றைக் கெடுத்த தொழில் அம்மனைக்குரிய செலவில் பங்கேற்பது, மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறியின் இயல்பான நீட்சியாகும்.

6. கடலோரத்துச் சீமோன்

நகரின் ஓரத்துக்குத் தோல்தொழிலாளியைத் தள்ளும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா, தோல் பதனிடும் இடம் நகரத்துக்கு 50 முழத்துக்கு அப்பால், கிழக்குப் புறத்தில் இருக்கவேண்டும் என விதிக்கிறது. மேற்கிலிருந்து வீசும் காற்று நாற்றத்தை நகருக்குள் கொண்டுவராதிருத்தலே இதன் நோக்கம் என்பர். இப்பின்னணியில் யோப்பா பட்டணத்துச் சீமோனின் வீடு கடலோரத்தில் இருந்தது எனத் திருத்தூதர் பணிகள் 10:6 குறிப்பிடுவது பொருள் பொதிந்தது. அது ஓர் ஓரக் குடியிருப்பு. பேதுரு அங்கே பலநாள் தங்கினார் (9:43). எதனையும் தீட்டென்று சொல்லலாகாது என்னும் காட்சியை அவர் கண்டது எருசலேம் ஆலயத்திலன்று. அவ்வீட்டு மேல்தளத்தில், தோலின் நாற்றத்துக்கு நடுவில். கொர்நேலியுவின் வீட்டுக்குப் போவதற்குமுன் அவர் கடக்கவேண்டிய எல்லையின் ஒரு பகுதியைச் சீமோனின் வாசலிலேயே கடந்துவிட்டார். நூலாசிரியர் தொழிலையும் இருப்பிடத்தையும் மீண்டும் மீண்டும் குறிப்பதை விளக்கவுரைகளிற் பல விரைந்து கடந்துவிடுகின்றன. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ போதிப்பவர் அவ்வாறு கடக்க இயலாது.

7. ஆயர் அறியவேண்டியவை

ஆற்காடு மிஷன் 1853-இல் இப்பகுதியில் அமைந்தது முதல், திருச்சபை சேரி மக்களோடு இணைந்தே வளர்ந்தது. ஓரக் குடியிருப்பில் முறையான பட்டாவுடன் நிற்கும் கட்டடம் ஆலயம் ஒன்றே என்னும் நிலையைப் பல இடங்களில் காணலாம். அப்பாதுகாப்பு நமக்கென மட்டும் கொடுக்கப்பட்டதாக எண்ணலாகாது.

நாம் செய்யக்கூடியவை எளியவை. சபையார் வாழும் நிலத்தின் வகை என்ன என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கொண்டு அறிந்துகொள்ளவேண்டும். ஆட்சேபணையற்ற புறம்போக்காயின் பட்டாவுக்குக் கூட்டு விண்ணப்பம் எழுத உதவலாம். வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, மின்கட்டண இரசீது, பி மெமோ ஆகியவற்றின் படிகளை ஆலய அலமாரியில் பாதுகாக்கலாம். வெள்ளத்தில் முதலில் அழிவது தாள்களே. ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் முகவரியைத் தெளிவாக எழுதி வைத்தால், ஒரு குடும்பம் ஓரிடத்தில் வாழ்ந்த காலத்துக்கு அதுவும் சான்றாகக்கூடும். 60 குடும்பங்களுக்குக் குறைந்த குடியிருப்புகளையும் பெயர் சொல்லி நகராட்சியின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். இவ்வுதவி சபையாருக்கு மட்டும் என வரையறுக்கப்படுமாயின் அது தன் பொருளை இழக்கும்; அச்சந்தில் வாழும் இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கும் அது உரியது.

இறையியல் மாணவர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். களப்பணிக்கு அனுப்பப்படும் சபையின் வரலாற்றை எழுதும்போது, ஆலயம் கட்டப்பட்ட ஆண்டோடு நிறுத்திவிடாமல், அம்மக்கள் அந்நிலத்துக்கு எப்போது, எவ்வாறு வந்தனர், அவர்கள் காலடியில் உள்ள மண் யார் பெயரில் உள்ளது என்பவற்றையும் கேட்டு எழுதுக. அவ்விடைகளைத் தேடும்போது "யார் ஆக்கிரமித்தார்?" என்னும் கேள்வி வேறு வடிவம் பெறும். வருவாய்த்துறை அலுவலகத்தில் ஒரு மனுவோடு நிற்கும் முதிய பெண்ணின் அருகில் நிற்பதற்கு அவ்வறிவே ஆயத்தம்.